தண்ணீர் கேட்காத பிள்ளை

ராயபுரத்தில் வெள்ளைத் துணியை வெளியே காயப்போட முடியாது. துறைமுகத்துக் கரிக்குவியல் பக்கமிருந்து காற்று அடித்தால் போதும், கொஞ்ச நேரத்தில் துணி முழுக்கப் பொடிப்பொடியாகக் கறுப்பு விழுந்துவிடும். அதனால் என் மகளின் புதுநன்மைக் கவுனை வீட்டுக்குள்ளேயே, அடுப்பிலிருந்து தள்ளி ஒரு கொடி கட்டி உலர்த்தினேன். பக்கத்து வீட்டு அக்கா மீன் விற்பவர். அவர் வீட்டில் கூடைகளும் பலகைகளுமாக இருக்கும், வாடையும் போகாது. ஆகவே அவருடைய மகளின் கவுனும் என் வீட்டுக் கொடியிலேயே தொங்கியது. இரண்டும் ஒரே பீஸிலிருந்து நான் வெட்டித் தைத்தவை. என் மகளுடையதில் மட்டும் கழுத்தைச் சுற்றி ஒரு விரல் அகலத்துக்கு லேஸ் வைத்திருந்தேன்.

பிள்ளைகள் முதன்முறையாகக் கோவிலில் நற்கருணை அப்பம் வாங்குவதைத்தான் நாங்கள் புதுநன்மை என்கிறோம். இரண்டு பெண்களுக்கும் அப்போது ஏழு வயது. கன்னியாஸ்திரி மடத்துப் பள்ளியில் ஞான உபதேசம் சொல்லிக்கொடுத்தார்கள். அது போதாதென்று சாயங்காலம் நானும் இரண்டு பேரையும் உட்கார வைத்துப் படிப்பிப்பேன். கல்யாணத்துக்கு முன் கொஞ்ச காலம் சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுத்தவள் நான். தெருவில் எனக்கு டீச்சரம்மா என்றே பெயர். பாதி மரியாதை, பாதி கேலி.

கேள்விகளுக்குப் பிள்ளைகள் ஓர் எழுத்துப் பிசகாமல் பதில் சொல்ல வேண்டும் என்பதில் நான் கண்டிப்பாக இருந்தேன். நன்மை வாங்குகிற நாளுக்கு முந்தின நடுராத்திரியிலிருந்து சோறு கூடாது, பால் கூடாது, மருந்து கூடாது, ஒரு சொட்டுத் தண்ணீரும் கூடாது. அப்போது சட்டம் அப்படித்தான் இருந்தது. தெரிந்தே அதை மீறி நன்மை வாங்கினால் அது தேவத்துரோகம். விலக்கு ஒன்றே ஒன்று. சாகும் ஆபத்தில் இருப்பவர்களுக்கு உபவாசம் இல்லை. இதையும் சேர்த்தே இரண்டு பேருக்கும் மனப்பாடமாக்கியிருந்தேன்.

"பல்லு வெளக்கசொல்ல தண்ணி உள்ள பூட்சுன்னா?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டுப் பெண். அவளுக்குச் சந்தேகங்கள் அதிகம்.

"தெரியாம எச்சிலோட போனா பாவமில்ல. தெரிஞ்சு விழுங்கக் கூடாது."

"தெரிஞ்சு கொஞ்சூண்டு?"

"கொஞ்சூண்டும் கூடாது."

"மழ பேஞ்சு வாயில வுழுந்துச்சுன்னா?"

"வாய மூடிக்கினு நட," என்று என் மகள் முந்திக்கொண்டு சொன்னாள். இருவரும் ஒருவர் மேல் ஒருவர் விழுந்து சிரித்தார்கள்.

என் கணவர் துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவர். கிறிஸ்துமஸுக்கும் ஈஸ்டர் பாஸ்குவுக்கும் கோவிலுக்கு வருவார். மற்ற ஞாயிறுகளில் தூக்கம். கட்டிலில் படுத்தபடி எங்கள் பாடத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"இன்னாமே, ஆர்பர் கேட்டுல சிப்பாய் கூட இத்தினி கேள்வி கேக்கமாட்டான். சாமிகிட்ட போறதுக்கு இத்தினி பாஸ் வோணுமா?"

"தெரிஞ்சுக்க வேண்டியதைத் தெரிஞ்சுக்கணும்."

"கொயந்தைங்க பயந்துக்கப் போவுதுமே."

"கொஞ்சம் பயம் இருக்கட்டும். நல்லதுதான்," என்றேன். அப்போது அது எனக்கு நல்ல பதிலாகவே பட்டது.

அந்தக் கோடையில் நோய் வந்தது. முதலில் கால்வாய்க்கரைக் குடிசைகளில் என்றார்கள். பிறகு காசிமேட்டுப் பக்கம். கார்ப்பரேஷன் ஆட்கள் தெருக்குழாயடியில் பிளீச்சிங் பவுடர் தூவினார்கள். குடத்தில் பிடித்த தண்ணீரிலும் அந்த நெடி. காலரா ஊசி போட வந்த வண்டி கோவில் வாசலில் நின்றது. நான் பெரியவளையும், அப்போது தவழ்ந்துகொண்டிருந்த மகன் சின்னவனையும் கூட்டிப்போய் முதல் வரிசையில் நின்றேன். பக்கத்து வீட்டுப் பெண்ணுக்கும் என் எதிரில்தான் ஊசி போட்டார்கள். அழாமல் நின்றதற்கு அவளுக்கு மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன்.

எங்கள் கோவிலில் பெரியவர்கள் இறந்தால் பெரிய மணி, சிறு பிள்ளைகள் இறந்தால் சின்ன மணி. சின்ன மணி எப்போது கேட்டாலும் கையிலிருக்கும் வேலையைப் போட்டுவிட்டு என் பிள்ளைகளைத் தேடிப்போய்த் தொட்டுப் பார்ப்பேன். தொட்ட பிறகுதான், அது வேறு யாரோ ஒருத்தியின் பிள்ளைக்கு அடித்த மணி என்பது உறைக்கும். உடனே மாதாவுக்கு ஒரு அருள்நிறை மந்திரம் சொல்வேன். அது அந்தப் பிள்ளைக்காகவா, என் பிள்ளை அல்ல என்பதற்கான நன்றியா என்று எனக்கே தெரியாது.

புதுநன்மைக்கு ஒரு வாரம் இருந்தது. ஒரு சாயங்காலம் பக்கத்து வீட்டுப் பெண் எல்லாக் கேள்விகளுக்கும் சரியாகப் பதில் சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலையில் வாந்தி என்றார்கள். பிறகு பேதி. அக்காவின் வீட்டு வாசலில் கூட்டம் கூடி, ஆளுக்கொரு வைத்தியம் சொன்னது. தண்ணீர் கொடுத்தால் பேதி நிற்காது, தண்ணீரை மட்டும் காட்டாதே என்று எல்லோரும் ஒரே குரலாகச் சொன்னார்கள். ஆஸ்பத்திரி என்றால் பிணமாகத்தான் திரும்பும் என்றும் சொன்னார்கள். பங்குச் சாமியார் வந்தார். வாந்தி நிற்காததால் அவளுக்கு நன்மை கொடுக்க முடியவில்லை. சாகக் கிடப்பவர்களுக்கு எண்ணெய் பூசுகிற அவஸ்தைப் பூசுதல் மட்டும் கொடுத்துவிட்டுப் போனார். அடுத்த நாள் உச்சிக்கு முன்னால் சின்ன மணி அடித்தது. அன்றைக்கு அது யாருக்கென்று எனக்குத் தெரியும். இருந்தும் ஓடிப்போய் என் மகளைத் தொட்டேன்.

அக்கா என் வாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"டீச்சரம்மா, கவுன எட்த்துக் குடு."

கொடியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்து நீட்டப்போனேன். கழுத்தில் லேஸ் இருந்தது. என் மகளுடைய கவுனை எடுத்து வந்திருந்தேன். அக்கா பார்க்கவில்லை, அவர் கண் எங்கேயோ இருந்தது. "இருங்கக்கா" என்று உள்ளே திரும்பிப் போய் மற்றதை எடுத்து வந்தேன். அவ்வளவுதான் நடந்தது. கை தவறியது, அவ்வளவுதான் என்று அன்று எத்தனை முறை எனக்கு நானே சொல்லிக்கொண்டேனோ தெரியாது. லேஸ் வைத்த கவுனை மறுபடி கொடியில் போடும்போது கொடியில் அது மட்டும் தனியாகத் தொங்கியது.

சுகாதார ஆட்கள் அடக்கத்துக்கு அவசரப்படுத்தினார்கள். தலைக்குக் காகிதப்பூ முடியும் வெள்ளைக் கவுனும் போட்டு, புதுநன்மைக்குப் போகிற பெண்ணைப் போலவே அவளை அனுப்பினோம். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்துகொண்டே என் மகள் கேட்டாள்.

"அவ நன்மை வாங்கலியேம்மா. எங்க போயிருப்பா?"

"மோட்சத்துக்குத்தான். பாவசங்கீர்த்தனம் பண்ணியிருந்தாளே. ஆசையா இருந்தாளே. அது போதும்."

"அது போதும்னா நாம ஏன் வாங்கணும்?"

பதில் எனக்குத் தெரியும். சொல்லியும் விட்டேன். ஆனால் என் பதில் எனக்கே எட்டவில்லை. அந்தப் பெண் வாங்காமலே போய்விட்டாள் என்பதுதான் என் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்திருந்தது. என் மகளுக்கும் அப்படி ஆகிவிட்டால்?

என் கணவர் வேறு மாதிரி யோசித்தார்.

"இந்த வர்சம் வாணாம்மே. நோவு அடங்கட்டும். அடுத்த வர்சம் ஜோரா பண்ணிக்கலாம்."

"அதுக்குள்ள நன்மை வாங்காமலே ஏதாச்சும் ஆயிட்டா?"

அவர் எழுந்து உட்கார்ந்தார். "ஒன் வாயால அத்த சொல்லாத," என்றார். நான் சொன்னதே முடிவாயிற்று.

புதுநன்மைக்கு முந்தின நாள், சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு மகளைக் கூட்டிப்போய்த் திரும்பும்போது அக்கா வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். வியாபாரத்துக்குப் போகவில்லை. என் மகளைக் கிட்டே கூப்பிட்டு, கன்னத்தை இரண்டு கையாலும் வழித்தார்.

"எம்பொண்ணுக்கும் சேத்து நீயே வாங்கிக்கினு வா, கண்ணு. இன்னா?"

"சரி பெரிம்மா," என்றாள் மகள். வகுப்பில் பதில் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று சொன்னாள்.

எங்கள் தெருவில் ஒரு வழக்கம் உண்டு. புதுநன்மைக்கு முந்தின ராத்திரி, சாப்பாடு முடிந்ததும் தண்ணீர்ப்பானையின் வாயைத் துணியால் கட்டிவிடுவோம். குவளையையும் எடுத்து மேலே வைத்துவிடுவோம். தூக்கக் கலக்கத்தில் பிள்ளை பழக்கதோஷமாகக் குடித்துவிடக் கூடாது என்பதற்காக. என் கணவருக்கு அந்த வாரம் ராத்திரி ஷிப்டு. புறப்படும்போது நான் முடிச்சுப் போடுவதைப் பார்த்துக்கொண்டு நின்றார். "இறுக்காதமே, அவுக்க முடியாம பூடும்," என்று சிரித்துவிட்டுப் போனார்.

விடியுமுன் விழிப்பு வந்தது. பாயில் மகள் இல்லை. பின்கதவு திறந்திருந்தது. கக்கூஸ் பக்கமிருந்து சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

"வயிறு சரியில்லையா?"

"இல்லம்மா. சும்மாதான்."

"எத்தனை தரம் போன?"

"ஒரு தபாதான்."

விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒரு தரம் போனதல்ல. அரிசி களைந்த கழுநீர்போல வெளுத்துக் கிடந்தது. அதைப் பார்த்த பிறகும் நான் உள்ளே வந்து அவளுக்குத் தலை வாரினேன். எனக்கும் என் புதுநன்மை அன்று பயத்தில் வயிறு கலங்கியது நினைவுக்கு வந்தது, அதைப் பிடித்துக்கொண்டேன். பயம்தான், பிள்ளைக்குப் பயம் என்று சொல்லிக்கொண்டேன். கவுனை மாட்டி, முதுகில் பொத்தான்களைப் போட்டேன். பொத்தான் போடும்போது முதுகு சில்லென்று இருந்தது, மே மாதத்தில்.

அவள் தண்ணீர் கேட்கவில்லை. உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாள். பானை இருந்த மூலையை ஒருமுறை பார்த்தாள். சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"நாழியாச்சும்மா. பூ வெச்சுவுடு."

பூ வைக்குமுன் கவுனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடியும் பின்பக்கம் ஓடினாள். திரும்பி வந்தபோது காகிதப்பூ முடியைக் கையில் வைத்துக்கொண்டு அக்கா நின்றிருந்தார். தன் மகளுக்குச் செய்தபோது மிஞ்சிய பூவில் அவரே கட்டியது. அதைத் தலையில் வைக்கக் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"டீச்சரம்மா, இங்க வா. கண்ணப் பாரு."

கண்கள் உள்ளே போயிருந்தன. அக்கா அவள் கையை எடுத்து விரல் நுனிகளைத் திருப்பிக் காட்டினார். நெடுநேரம் தண்ணீரில் கிடந்த கைபோல விரல்கள் சுருங்கியிருந்தன.

"இப்டித்தான் இருந்துச்சு. இதே மாரிதான்," என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "தண்ணி குடு. எனுக்குத் தண்ணி காட்டாதன்னு சொன்னாங்க. நானும் காட்டல. கேட்டுக்கினே கெடந்துது டீச்சரம்மா. கடசில கேக்கக்கூட முடியாம நாக்க மட்டும் நீட்டிச்சு. நீ குடு, சொல்லிட்டேன்."

பானையிடம் போனேன். முடிச்சு அவிழவில்லை. பல்லால் கடித்து இழுத்தேன். மேலேயிருந்து குவளையை எடுத்து, மொண்டு திரும்பினால், மகள் சுவரோடு ஒட்டி நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையாலும் வாயைப் பொத்தியிருந்தாள்.

"குடிம்மா. கொஞ்சம் குடி."

தலையை ஆட்டினாள். கைக்குள்ளிருந்தே பேசினாள். "வாணாம். இன்னிக்கு நன்மை."

"நன்மை இன்னொரு நாள் வாங்கிக்கலாம்."

"அவளுக்கும் சேத்து வாங்கறேன்னு சொல்லியிருக்கேன்."

அக்கா தரையில் உட்கார்ந்து அவளை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார். "நான் சொன்னத நானே வாணாங்கறேன். அவ ஒண்ணும் கேக்கமாட்டா. குடி கண்ணு. குட்சிடு."

"இது மருந்து மாதிரி," என்றேன் நான்.

"மருந்தும் கூடாதுன்னு நீதானம்மா சொன்ன."

"நோயாளிகளுக்கு உபவாசம் இல்ல."

வாயிலிருந்து கையை எடுத்தாள். என்னை நேராகப் பார்த்தாள். பாடம் ஒப்பிக்கும்போது நான் தவறாகச் சொன்னால் திருத்துவாளே, அந்தக் குரலில் சொன்னாள்.

"நோயாளிக்கு இல்ல. சாகப்போறவங்களுக்குத்தான். நான் சாகப்போறேனாம்மா?"

என்னால் ஆம் என்று சொல்ல முடியவில்லை. இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. இல்லை என்றால் அவள் குடிக்கமாட்டாள். ஆம் என்று என் வாயால் சொல்லிவிட்டால் அது அப்படியே ஆகிவிடும் என்று அந்த நிமிஷம் முழுதாக நம்பினேன். துறைமுகத்தில் ஏதோ கப்பல் ஊதியது. தூளியில் சின்னவன் விழித்துக்கொண்டு அழ ஆரம்பித்தான். கோவிலில் முதல் மணி அடித்தது. பெரிய மணியா சின்ன மணியா என்று என் காது தானாகவே தேடிற்று. பூசை மணிதான்.

குனிந்து அவள் தாடையைப் பிடித்தேன். அக்கா கைகளைப் பிடித்துக்கொண்டார். பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். ஏழு வயதுப் பிள்ளைக்கு, அதுவும் ராத்திரி முழுக்கப் போய்க்கொண்டிருந்த உடம்புக்கு, அவ்வளவு பலம் எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. மூக்கைப் பிடித்தேன். மூச்சுக்காக வாய் திறந்தது. ஊற்றினேன். பாதியைத் துப்பினாள், கவுனெல்லாம் நனைந்தது. ஆனால் தொண்டை ஏறி இறங்கியதை நான் பார்த்தேன். அவளும் உணர்ந்துவிட்டாள்.

அவள் அழுத அழுகையை விவரிக்க மாட்டேன். கொஞ்சநேரம்தான் அழுதாள். பிறகு அக்காவின் பிடியிலிருந்து கையை உருவி, என் கையிலிருந்த குவளையைப் பிடுங்கி மிச்சத்தைக் குடித்தாள். தானே பானைக்குப் போய் இன்னொரு குவளை. இன்னும் ஒன்று. இனி என்ன என்கிறது மாதிரி, யாரையும் பார்க்காமல் குடித்தாள். உடனே அத்தனையும் வாந்தியாக வந்தது. மறுபடி கொடுத்தோம். அதைக் குடிக்க மறுக்கவில்லை.

அவர் ஷிப்டு முடிந்து வந்தபோது அவள் அக்காவின் மடியில் துவண்டு கிடந்தாள். அவர் அப்படியே வாரித் தூக்கிக்கொண்டு தெருவில் இறங்கினார். சின்னவனை அக்காவிடம் கொடுத்துவிட்டு நான் பின்னால் ஓடினேன். கோவிலுக்குப் போகிற கூட்டம் எதிரே வந்தது. மற்றப் பிள்ளைகள் மெழுகுவர்த்தியும் கையுமாக. வெள்ளைக் கவுனில் தலை தொங்கிக் கிடந்த பிள்ளையைப் பார்த்ததும் பெரியவர்கள் சிலுவை போட்டுக்கொண்டு ஒதுங்கினார்கள். யாரோ ஒருத்தி, "அய்யோ, இதுவுமா," என்றாள். அவர் திரும்பி, "உசுரோடதான் கீது! வழிய வுடு!" என்று கத்தினார். ஜட்கா வண்டியில் ஏறி உட்கார்ந்தபோதுதான் கவுனைப் பார்த்தேன். இடுப்பிலும் முதுகிலும் அவருடைய கை பட்ட இடமெல்லாம் கரி, ஐந்து விரலும் தெரிய.

தொத்துநோய் ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் வழியாக உப்புநீர் ஏற்றினார்கள். வருவதற்கு முன் தண்ணீர் கொடுத்தீர்களா என்று டாக்டர் கேட்டார். கொடுத்தேன் என்றேன். தலையை மட்டும் ஆட்டினார். அது நல்லதா கெட்டதா என்று கேட்கத் தைரியம் வரவில்லை. காலராதானா என்று கேட்டதற்கும் அவர் தெளிவாகச் சொல்லவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது. சில நாட்களில் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டாள். என் கணவர் ஆஸ்பத்திரி மரத்தடியில் நின்று, சின்னப் பிள்ளையாட்டம் தேம்பித் தேம்பி அழுதார்.

நான் அழவில்லை. கட்டிலோரம் உட்கார்ந்து கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். நாலாவது வாயோ ஐந்தாவது வாயோ, அவள் வாயைத் திறக்காமல் என்னைப் பார்த்தாள்.

"நான் சாகலியேம்மா."

"இல்லடி கண்ணு. மாதா காப்பாத்திட்டாங்க."

"அப்ப அன்னிக்குத் தண்ணி குட்சது பாவம்தானே?"

"நீ குடிக்கல. நான் குடிக்க வெச்சேன். அதோட நீ நன்மை வாங்கவே இல்லையே. வாங்காதப்போ பாவமே இல்ல."

"மொத வாய்தான் நீ குட்த்த. அப்பறம் நானாத்தான் குட்சேன்," என்றாள். "அவளுக்கு வாங்கித் தரேன்னு சொல்லிட்டு, நானாத்தான் குட்சேன்."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு இதை அவள் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியிருக்கிறாள். அவரும் இது பாவமே அல்ல, போ என்று அனுப்பியிருக்கிறார். வீட்டுக்கு வந்து, "சாமிக்குச் சரியா புரியல போலம்மா," என்றாள். மழைக்காலத்தில் ஒரு சாதாரண நாள் பூசையில், அவள் ஒருத்தி மட்டும், பள்ளிக்கூடப் பாவாடையோடு நன்மை வாங்கினாள். கவுன் வேண்டாம் என்றாள். கரி போகவில்லை, போயிருந்தாலும் போட்டிருக்கமாட்டாள். முதல் நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிக்கவில்லை. நடுராத்திரி வரை குடிக்கலாம் என்று நான் எத்தனையோ தரம் சொன்னேன். "தெரியும்மா," என்றாள்.

அதன்பின் கொஞ்ச காலத்தில் சட்டமே மாறியது. இனித் தண்ணீர் குடித்தால் உபவாசம் முறியாது, ரோமையிலிருந்து உத்தரவு வந்திருக்கிறது என்று பங்குச் சாமியார் பிரசங்கத்தில் வாசித்தார். பெண்கள் பக்கத்தில் ஒரு சலசலப்பு. நான் அக்காவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "இன்னா டீச்சரம்மா, அன்னிக்குப் பாவம், இன்னிக்குப் பாவமில்லியா? தண்ணி அதே தண்ணிதானே?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. உண்மையாகவே என்னிடம் பதில் இருக்கும் என்று நினைத்துக் கேட்டார். கட்டளை போட்டவர்களே தளர்த்தலாம், அதற்கு அதிகாரம் உண்டு என்று மடத்தில் படித்ததைச் சொன்னேன். "அப்டியா," என்று கேட்டுக்கொண்டு போய்விட்டார்.

மகளுக்குப் புது விதியை வாசித்துக் காட்டினேன். புரிந்தது என்றாள். கேட்டால் வரி பிசகாமல் திருப்பிச் சொல்கிறாள். ஆனால் குடிக்கமாட்டேன் என்கிறாள். நன்மை வாங்கப்போகிற ஒவ்வொரு முறையும் முதல் நாளே நிறுத்திவிடுகிறாள். "வுடுமே, பெரிசானா சரியாப்பூடும்," என்கிறார் என் கணவர். அடித்துப் பார்க்கலாமா என்றுகூட யோசித்திருக்கிறேன். அடித்தால் எது போகும், எது உள்ளே இறங்கும் என்று தெரியாததால் கை ஓங்கவில்லை. சின்னவன் இப்போது சிலுவை அடையாளம் போடக் கற்றுக்கொள்கிற வயது. அவனுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கும்போது பாதியில் நிறுத்திவிடுகிறேன். இதிலிருந்து இவன் எதை எடுத்துக்கொள்வான் என்று பார்க்கிறேன்.

இந்த வருஷமும் கோடை வந்துவிட்டது. எர்ணாவூர்ப் பக்கம் நோய் கண்டிருப்பதாகப் பேச்சு. போன ஞாயிறு காலையில், உதடு வெடித்து, கோவிலுக்குக் கிளம்பி நின்ற மகளுக்கு எதிரே நின்று, நான் ஒரு டம்ளர் தண்ணீரை மொண்டு முழுவதும் குடித்தேன். நானும் அதுவரை குடித்ததில்லை. விதி மாறியும் மனம் வராமல்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு எதைச் சொல்லியும் பயனில்லை, செய்துதான் காட்ட வேண்டும் என்று தோன்றியது. அவள் முகம் வெளுத்துவிட்டது. "அம்மா, நீ நன்மைக்குப் போவாத," என்று கையைப் பிடித்தாள். போனேன். பீடத்துக்கு முன்னால் இருக்கும் கிராதியில் முழந்தாளிட்டு நன்மைக்கு நாக்கை நீட்டும்போது என் நெஞ்சு அடித்துக்கொண்டதை நான் மறைக்கவில்லை. திரும்பி வந்து இடத்தில் உட்கார்ந்தபோது அவள் பீடத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் அன்று நன்மை வாங்கப் போகவில்லை.

வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் என் கையை விடவில்லை. மணிக்கட்டில் விரலை வைத்துப் பிடித்துக்கொண்டு வந்தாள். வீட்டில் தண்ணீர் கொடுத்தால் குடித்தாள், சோறு போட்டால் சாப்பிட்டாள், ஆனால் கண் என் மேலேயே இருந்தது. நான் பின்பக்கம் போனால் கதவுக்கு வெளியே வந்து நின்றாள். மத்தியானம் வெப்பத்தில் தலை சாய்த்தேன். பக்கத்தில் வந்து உட்கார்ந்து, குனிந்து என் கண்ணைப் பார்த்தாள். என் கையைத் திருப்பி விரல் நுனிகளைப் பார்த்தாள்.

"ஒண்ணும் இல்லடி," என்றேன்.

"சும்மாதாம்மா பாத்தேன்."

கண்ணை மூடினேன். கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா," என்றாள்.

"இருக்கேன்."

மறுபடி கொஞ்ச நேரம் கழித்து, "அம்மா."

"இருக்கேண்டி. தூங்கு."

அவள் படுக்கவில்லை. ஒரு வாரம் ஆகப்போகிறது. இன்னும் கூப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறாள்.